சிதைவில் எஞ்சிய எண்கள்

போரில் விழுந்த விமானம் முழு உருவில் கிடைப்பது அபூர்வம். மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதிய பிறகு மிஞ்சுபவை கசங்கிய அலுமினியத் தகடுகள், முறுகிய குழாய்கள், மண்ணுக்குள் ஆழப் புதைந்த எஞ்சின், சில தோட்டா உறைகள். எண்பது ஆண்டுகள் கழித்து இவற்றில் ஏதோ ஒன்று உழவரின் கலப்பையிலோ மீனவரின் வலையிலோ சிக்குகிறது. அதைக் கையில் எடுப்பவர் முன் இரண்டு கேள்விகள் நிற்கும். இது எந்த வகை விமானம்? அந்த வகையில் எந்த ஒரு விமானம்?

முதல் கேள்விக்கு விவரம் தெரிந்தவர் ஒரே பிற்பகலில் பதில் சொல்லிவிடக்கூடும். இரண்டாவது கேள்வி பல ஆண்டுகளை விழுங்கும். ஸ்பிட்ஃபயர் வகையில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட விமானியோடு போய்த் திரும்பாதது அவற்றில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் ஒரு குடும்பத்துக்குச் செய்தி போகும். இரண்டாம் உலகப் போரில் காணாமற்போன அமெரிக்கர்களில் சுமார் 72,000 பேர் இன்றும் கணக்கில் வரவில்லை. இங்கிலாந்தின் ரன்னிமீடில் உள்ள நினைவுச் சின்னத்தில், கல்லறை எதுவென்று தெரியாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. துருப்பிடித்த ஒரு தகட்டின் மேல் பூதக்கண்ணாடியோடு மணிக்கணக்கில் குனிந்திருப்பவர்களின் உழைப்புக்கு இதுவே காரணம்.

எது மிஞ்சும் என்பது விழுந்த இடத்தைப் பொறுத்தது. காற்றுப் புகாத களிமண்ணிலும் கரிச்சேற்றிலும் உலோகம் வியக்கத்தக்க அளவு நிலைத்து நிற்கிறது. 1941 நவம்பர் 30 அன்று அயர்லாந்தின் டொனிகல் பகுதியில் பி8074 என்ற ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் பழுதானது. விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். விமானம் கரிச்சேற்றில் விழுந்து புதைந்தது. 2011-ல் தோண்டியபோது அதன் பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள் வெளிவந்தன. சுத்தம் செய்து பழுது நீக்கிய பிறகு அவற்றில் ஒன்று மீண்டும் சுட்டது. எழுபது ஆண்டு காலச் சேற்றால் அதைக் கெடுக்க முடியவில்லை. கடலில் நிலைமை தலைகீழ். உப்புநீரில் எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருந்தால், இரண்டுக்கும் இடையே ஒரு மின்கலத்தில் நடப்பது போன்ற வேதிவினை தொடங்குகிறது. அதில் கரைந்துபோவது அலுமினியம். மக்னீசியக் கலவையில் வார்த்த பாகங்கள் இன்னும் விரைவாக மறையும். மரத்தால் கட்டிய மஸ்கீட்டோ விமானத்தில் பெரும்பாலும் எஞ்சின்களும் உலோகப் பொருத்திகளும்தான் மிஞ்சும்.

கிடைத்த பொருளைக் கம்பித் தூரிகையால் பளபளக்கத் தேய்ப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. தொழிற்சாலையில் தகட்டின் மேல் ரப்பர் முத்திரையால் மையிட்ட எண்களும், தொழிலாளர் பென்சிலால் எழுதிய குறிப்புகளும் ஒரு தலைமுடி அளவுப் படலத்தில்தான் இருக்கின்றன. அந்தப் படலம் போனால் சாட்சியும் போயிற்று. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து உப்பை இறக்குவது, மென்மையான தூரிகையால் மண்ணை நீக்குவது, பக்கவாட்டிலிருந்து விளக்கொளியைச் சாய்த்து அடித்துப் பார்ப்பது என்று பொறுமையாகத்தான் போக வேண்டும். சாய்ந்த ஒளியில் பள்ளமான எழுத்துகள் நிழல் கட்டும். எஃகில் அச்சுக் குத்திய எண் மேற்பரப்பில் தேய்ந்துவிட்டாலும், குத்திய வேகத்தில் அடியிலுள்ள உலோகம் இறுகிப்போயிருக்கும். நீர்த்த அமிலத்தைப் பூசினால் இறுகிய பகுதியும் இறுகாத பகுதியும் வெவ்வேறு விதமாக அரிக்கப்படுவதால் மறைந்த எண் நிழலாக மேலெழும். திருட்டு வண்டிகளின் எஞ்சின் எண்ணைக் கண்டுபிடிக்கத் தடயவியலார் கையாளும் முறையும் இதுதான்.

எல்லாத் துண்டுகளையும் யாரும் தொட்டுவிடலாகாது. வெடிக்காத குண்டுகளும் தோட்டாக்களும் இன்னும் உயிரோடு இருக்கலாம். இருட்டில் ஒளிர்வதற்காகக் கருவிகளின் முகப்பில் பூசிய ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். பூச்சின் ஒளி மங்கிவிட்டாலும் கதிரியக்கம் பெரிதாகக் குறையவில்லை. மனித எலும்பு கண்ணில் பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்த வேண்டும். பிரிட்டனில் 1986-ல் இயற்றிய சட்டப்படி, அரசின் உரிமம் இல்லாமல் படை விமானச் சிதைவைத் தோண்டுவது குற்றம். துண்டு எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற பதிவும் துண்டைப் போலவே சாட்சிதான். பதிவில்லாமல் எடுத்துச் சென்ற பாகம் பாதி ஊமையாகிவிடுகிறது.

வகையைச் சொல்ல எண்ணே இல்லாமலும் முடியும். ஒவ்வொரு வடிவமைப்பாளருக்கும் ஒரு கைவழக்கம் உண்டு. உடைந்த எலும்பிலும் அது தெரியும். ஸ்பிட்ஃபயர் இறக்கையின் முதன்மைச் சட்டம், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. வெட்டுமுகத்தில் அடுக்கடுக்கான சதுரங்கள் தெரிந்தால் வேறு யோசனையே வேண்டாம். வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் உடல், பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த கூடைப் பின்னல் சட்டகம். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்தப் பட்டைகளில் ஒரு சாண் கிடைத்தாலும் போதும். ஹரிக்கேனின் பின்னுடலில் உலோகக் குழாய்களின் மேல் மரச் சட்டங்களும் துணிப் போர்வையும் இருந்தன. துணி மக்கிவிடும், குழாய்களும் அவற்றை இணைத்த முட்டுத் தகடுகளும் நிற்கும்.

எஞ்சின் இன்னும் தெளிவாகப் பேசும். ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் 27 லிட்டர் கொள்ளளவுள்ள, ஆங்கில வி எழுத்தைப் போல் நிமிர்ந்து நிற்கும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் இருந்த டெய்ம்லர் பென்ஸ் எஞ்சினோ தலைகீழான வி. சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும், காற்றழுத்தும் சூப்பர்சார்ஜர் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். வட்ட அடுக்கில் பதினான்கு சிலிண்டர் இருந்து, வால்வைத் தள்ளும் தண்டுகளே காணப்படாவிட்டால் அது பெரும்பாலும் பிரிஸ்டல் ஹெர்குலிஸ். அதில் வால்வுக்குப் பதிலாக ஓட்டைகள் கொண்ட உறைக்குழாய் ஒன்று மேலும் கீழும் நகர்ந்து வாயுவுக்கு வழிவிடும். ஆனாலும் எஞ்சினை மட்டும் நம்பி விமானத்தைச் சொல்லிவிட முடியாது. பிராட் அண்ட் விட்னியின் ட்வின் வாஸ்ப் எஞ்சின் பி-24 குண்டுவீச்சு விமானத்திலும், சி-47 சரக்கு விமானத்திலும், கேட்டலினா நீர்விமானத்திலும் ஓடியது.

எந்த நாட்டுக் கைவேலை என்பதைப் போல்ட்டின் மரைகூடச் சொல்லும். பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை; அமெரிக்க மரையும் ஜெர்மானிய மெட்ரிக் மரையும் 60 பாகை, ஒன்று அங்குல அளவில், மற்றது மில்லிமீட்டரில். அமெரிக்க ரிவெட் ஆணியின் தலையில் உலோகக் கலவைக்கேற்ப அடையாளம் இருக்கும்: ஒரு வகைக்குச் சிறு குழி, இன்னொன்றுக்குப் புடைத்த புள்ளி, மூன்றாவதற்குப் புடைத்த இரு கோடுகள். உட்பக்க வண்ணமும் உதவும். அமெரிக்கர்கள் அரிப்பைத் தடுக்கத் துத்தநாகக் குரோமேட் கலந்த மஞ்சள் பச்சை பூசினார்கள். ஜெர்மானியர் பூசியது 02 என்று எண்ணிட்ட சாம்பல் பச்சை. ஜப்பானியர் ‘அவோடாக்கே’ என்ற, உலோகம் ஊடே தெரியும் நீலப்பச்சை அரக்கைப் பூசினார்கள். ஆண்டுகள் பல கழித்தும் தகட்டின் மடிப்புகளுக்குள் அது மயில் கழுத்தைப் போல் மின்னிக்கொண்டிருக்கும்.

இனி எண்களுக்கு வரலாம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடமும் இதுதான். தகட்டில் எண் ஒன்றைக் கண்டதும் விமானத்தின் எண் கிடைத்துவிட்டது என்று மகிழ்வது இயல்பு. பெரும்பாலும் அது பாக எண்ணாகவே இருக்கும். அதாவது அந்தப் பாகத்தின் வரைபட எண். ஒரே வரைபடத்திலிருந்து ஆயிரக்கணக்கான பாகங்கள் செய்யப்பட்டன. அத்தனையிலும் அதே எண்தான். அது வகையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

வகையைச் சொல்வதில் மட்டும் பாக எண்ணுக்கு நிகரில்லை. ஜெர்மன் விமான அமைச்சகம் விமான உடலுக்கு 8 என்றும் எஞ்சினுக்கு 9 என்றும் முன்னெண் கொடுத்திருந்தது. 8-109 என்று தொடங்கினால் மெஸ்ஸர்ஷ்மிட் 109, 8-111 என்றால் ஹெயின்கல் 111, 8-190 என்றால் ஃபோக்க வுல்ஃப் 190. 9-601 என்றால் டெய்ம்லர் பென்ஸ் 601 எஞ்சின். அமெரிக்கத் தொழிற்சாலைகள் தங்கள் சொந்த மாதிரி எண்ணை முன்னால் வைத்தன. கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் பாகத்தில் 32 என்ற தொடக்கம் பி-24 விமானத்தைக் காட்டும், 28 கேட்டலினாவைக் காட்டும். போர்க்காலத்தில் சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் படைப்பிரிவு பறக்கவிட்டவை இந்த 28-ஆம் மாதிரிதான்.

ஸ்பிட்ஃபயரின் பாக எண்ணில் ஒரு நுட்பம் உண்டு. முதல் மாதிரியின் எண் 300, இரண்டாம் மாதிரிக்கு 329, ஒன்பதாம் மாதிரிக்கு 361, பதினான்காம் மாதிரிக்கு 379. மாற்றம் தேவைப்படாத பாகம் பழைய 300 எண்ணோடேயே பிந்தைய மாதிரிகளிலும் தொடர்ந்தது. ஆகவே 300 என்ற எண்ணைக் கண்டதும் அது 1940-ல் பிரிட்டன் வானில் போரிட்ட விமானம் என்று முடிவு கட்டுவது தவறு. குவியலில் நூறு துண்டுகள் 300 என்று சொல்லி, ஒரே ஒரு துண்டு 361 என்று சொன்னால், அந்த ஒன்றைத்தான் நம்ப வேண்டும். முதல் மாதிரி பறந்த நாளில் 361 வரையப்படவே இல்லை. பழுதுபார்த்தபோது வேறு விமானத்துப் பாகம் வந்து சேர்ந்திருக்கலாம் என்பதால், ஒற்றைத் துண்டின் பேச்சையும் வேறொன்றோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

தோட்டா உறைக்கும் இந்தக் கணக்கே பொருந்தும். உறையின் அடிப்பகுதியில் தொழிற்சாலையின் குறியும் ஆண்டும் குத்தப்பட்டிருக்கும். புனேவை ஒட்டிய கிர்க்கியில் செய்த .303 தோட்டாவில் ‘கே எஃப்’ என்று இருக்கும். அமெரிக்காவின் லேக் சிட்டியில் செய்த அரை அங்குலத் தோட்டாவில் ‘எல் சி’ என்றும் 43 என்றும் இருந்தால் அது 1943-ல் செய்தது. கிடைத்த உறைகளில் மிகப் பிந்திய ஆண்டு எதுவோ, அதற்கு முன் அந்த விமானம் விழுந்திருக்க முடியாது. எப்போது விழுந்தது என்பதை உறை சொல்லாது. எதற்கு முன் விழவில்லை என்பதை உறுதியாகச் சொல்லும்.

பாக எண்ணுக்கு அடுத்தவை ஆய்வாளர் முத்திரைகள். ஒவ்வொரு பாகத்தையும் சோதித்தவர் தம் தொழிற்சாலையின் குறியைக் குத்துவார். சூப்பர்மரீன் தொழிற்சாலையின் குறி ‘6எஸ்’. காசில் பிராமிச்சில் இருந்த பெருந்தொழிற்சாலையின் குறி ‘சிபிஏஎஃப்’. கட்டிய இடம் தெரிந்தால் தேட வேண்டிய பட்டியல் சுருங்கும். மெர்லின் எஞ்சினின் வரிசை எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதிலும் செய்தி இருந்தது: டார்பியில் கட்டியவை ஒற்றை, க்ரூவில் கட்டியவை இரட்டை.

எண்ணிடுவதில் ஆபத்து உண்டு என்பது போரிட்ட எல்லாத் தரப்பும் அறிந்ததே. கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் வரிசை எண்களை மட்டும் வைத்து, லண்டனில் இருந்த அமெரிக்கப் பொருளியலாளர்கள் மொத்த உற்பத்தியைக் கணக்கிட்டார்கள். 1942 ஆகஸ்டில் மாதம் 1,550 டாங்கிகள் என்றது உளவுத்துறை. எண்களை ஆராய்ந்தவர்கள் 327 என்றார்கள். போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைத் திறந்தபோது உண்மை 342. செய்த இடம் எதிரிக்குத் தெரியக் கூடாது என்று ஜெர்மனி தொழிற்சாலைப் பெயர்களை நீக்கி, மூன்று எழுத்துச் சங்கேதக் குறிகளைப் பெயர்த்தகடுகளில் பொறித்தது. அன்று உளவாளியிடமிருந்து மறைக்க வைத்த சங்கேதத்தை இன்று ஆய்வாளர் பட்டியலைப் புரட்டி அவிழ்க்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் விழுந்த ஜெர்மன் விமானங்களைச் சுடச்சுடப் போய்ப் பார்த்துப் பெயர்த்தகடுகளைக் குறித்துக்கொண்ட விமானப்படை உளவுப் பிரிவின் அறிக்கைகள் இப்போது பெருந்துணை.

உலோகத்தில் படித்த எண் தனியாக நின்றால் பயனில்லை. அதே எண்ணைச் சுமக்கும் காகிதம் ஒன்று வேண்டும். 1943 முதல் அமெரிக்க விமானப்படை திரும்பாத ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அறிக்கை எழுதியது. விமானத்தின் எண், பறந்தவர்களின் பெயர்கள், கடைசியாகப் பார்த்த இடம் ஆகியவற்றோடு எஞ்சின்களின் வரிசை எண்களும் இயந்திரத் துப்பாக்கிகளின் வரிசை எண்களும் அதில் இருந்தன. அவசரத்தில் எழுத்தர் ஒருவர் தட்டச்சு செய்த அந்தத் துப்பாக்கி எண்கள், பிற்காலத்தில் எத்தனையோ குழுவினருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. பிரிட்டனில் ஒவ்வொரு விமானத்துக்கும் இடமாற்ற அட்டை இருந்தது. ஜெர்மானியர் இழப்புப் பட்டியலில் தயாரிப்பு எண்ணோடு சேத விழுக்காட்டையும் எழுதினார்கள். 100 என்றால் விமானம் முற்றிலும் போயிற்று.

இந்தியாவிலும் இத்தகைய வேலைக்கு இடமுண்டு. 1942 முதல் 1945 வரை அசாமிலிருந்து இமயத்தின் கிழக்கு முனையைத் தாண்டிச் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோன ‘ஹம்ப்’ வான்வழியில் சுமார் 600 விமானங்கள் விழுந்தன. அவற்றில் பல அருணாசலப் பிரதேசத்தின் காடுகளில் கிடக்கின்றன. வேட்டைக்குப் போகும் மலைவாழ் மக்களே அங்கே வழிகாட்டிகள். 1944 ஜனவரி 25 அன்று எட்டுப் பேரோடு மறைந்த ‘ஹாட் அஸ் ஹெல்’ என்ற பி-24 அங்கேதான் 2006-ல் கண்டறியப்பட்டது. காட்டிலிருந்து திரட்டிய பாகங்களைப் பாசிகாட்டில் 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் காணலாம்.

பாகம், எண், காகிதம் மூன்றும் ஒன்றாகக் கூடிவந்ததற்கு மிகப் பெயர்பெற்ற சான்று அந்த்வான் த செந்த் எக்சுபெரியின் விமானம். தமிழில் ‘குட்டி இளவரசன்’ என்று வாசிக்கப்படும் கதையை எழுதியவர் அவர். 1944 ஜூலை 31 அன்று கோர்சிகா தீவிலிருந்து பி-38 லைட்னிங் விமானத்தின் உளவுப்பட வடிவமான எஃப்-5பி ஒன்றில் தனியாகப் புறப்பட்டார். திரும்பவில்லை. ஐம்பத்துநான்கு ஆண்டுகள் ஒரு தடயமும் இல்லை. 1998-ல் மார்செய் நகருக்கு அருகே ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று வந்தது. அதில் அவர் பெயரும், மனைவி கொன்சுவெலோவின் பெயரும், அவருடைய நியூயார்க் பதிப்பாளரின் முகவரியும் இருந்தன. போலி என்று சொன்னவர்கள் உண்டு. கைச்சங்கிலி மனிதரைச் சொன்னதே தவிர விமானத்தைக் காட்டவில்லை.

2000-ல் முக்குளிப்பாளர் ஒருவர் ரியூ தீவுக்கு அருகே கடலடியில் சிதறிக் கிடந்த பாகங்களை அடையாளம் கண்டார். பி-38 விமானத்துக்கு இரட்டை வால் தண்டுகள். வெளியேறும் புகையால் சுழலும் டர்போ சூப்பர்சார்ஜர் அந்தத் தண்டுகளின் மேல் அமைந்திருக்கும். அந்த அமைப்பு கிடைத்ததால் வகையில் ஐயமில்லை. அதே கடற்பரப்பில் ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட்டின் எஞ்சின் ஒன்றும் கிடந்தது. கடலடியில் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பவை ஒரே விமானத்தவை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அது நல்ல பாடம். மார்செயை ஒட்டிய கடலில் விழுந்த லைட்னிங்குகளும் ஒன்றுக்கு மேல்.

2003-ல் அரசின் அனுமதியோடு பாகங்கள் மேலே கொண்டுவரப்பட்டன. உப்பும் கடற்பாசியும் நீங்கிய பிறகு, சூப்பர்சார்ஜரை மூடியிருந்த உறைத் துண்டில் 2734 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் ‘எல்’ எழுத்தும் தெரிந்தன. அது பாக எண் இல்லை. லாக்ஹீட் தொழிற்சாலை தான் கட்டிய விமானங்களுக்கு வரிசையாக இட்ட எண். தொழிற்சாலைப் பட்டியலில் 2734-க்கு நேராக இருந்த படைத்துறை எண் 42-68223. முதலிலுள்ள 42, 1942-ஆம் நிதியாண்டில் வாங்கப்பட்டதைக் குறிக்கும். செந்த் எக்சுபெரி கடைசி நாளில் ஓட்டிச்சென்ற விமானத்தின் எண்ணும் அதுவே. 2004 ஏப்ரலில் முடிவு அறிவிக்கப்பட்டது. பாகங்கள் பாரிஸை ஒட்டிய லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விமானம் எது என்ற கேள்வி தீர்ந்தாலும் ஏன் விழுந்தது என்பது தீரவில்லை. மீட்ட துண்டுகளில் குண்டு துளைத்த அடையாளம் இல்லை. மீட்டதோ விமானத்தின் சிறு பகுதிதான்.

எண் கிடைக்காதபோது நேரும் பிழைக்கு நெதர்லாந்தின் ஸ்டர்லிங் விமானம் உதாரணம். 2008-ல் மார்க்கர்மெயர் ஏரியில் ஒரு மீட்புப் படகின் நங்கூரம் எதிலோ சிக்கியது. இழுத்தபோது விமானப் பாகம் வெளிவந்தது. ஷார்ட் ஸ்டர்லிங் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் என்பதில் பிரச்சினை இல்லை. எந்த ஸ்டர்லிங்? இழப்புப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது பிகே710 என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு பல ஆண்டுகள் நின்றது. அதைப் புரட்டியது எந்த எஞ்சின் எண்ணும் இல்லை. சிதைவோடு கிடைத்த ஓர் அலுமினிய சிகரெட் பெட்டி. அதில் பொறித்திருந்த பெயரின் முதலெழுத்துகள் பிகே710-ல் பறந்த எவருக்கும் பொருந்தவில்லை. பிகே716-ல் பறந்த ஒருவருக்குப் பொருந்தின. 1943 மார்ச் இறுதியில் பெர்லினில் குண்டு வீசிவிட்டுத் திரும்பும் வழியில் ஏழு பேரோடு விழுந்த விமானம் அது.

இரண்டு எண்களுக்கும் வேறுபாடு கடைசி இலக்கம் மட்டுமே. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் வெவ்வேறு குடும்பங்கள். 2020-ல் ஏரிக்குள் தடுப்புச் சுவர் இறக்கி, சேற்றைச் சிறிது சிறிதாக அள்ளிச் சலித்தார்கள். பாகங்களோடு மனித எச்சங்களும் வந்தன. அவற்றைப் பெற்றுக்கொண்டது நெதர்லாந்துப் படையின் அடையாளம் காணும் பிரிவு. அதன்பின் வேலை பல்லுக்கும் எலும்புக்கும் மரபணுவுக்கும் உரியது. யாருடைய உறவினரிடம் மரபணு மாதிரி கேட்டுப் போக வேண்டும் என்பதை மட்டும் அந்தச் சிகரெட் பெட்டி முன்பே சொல்லியிருந்தது.